அம்பத்தூர் ரோட்ஸ்டரைப் புதுப்பித்தல்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்திருக்கும் சைக்கிள் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தது. 28 அங்குலச் சக்கரம், 22 அல்லது 24 அங்குல ஃபிரேம், கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக், சுருள் வைத்த தோல் சீட். ரோட்ஸ்டர் எனப்படும் இந்த அமைப்பு பிரிட்டனில் உருவானது. நாடு விடுதலை பெறும் வரை ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் கப்பலில்தான் வந்தன. 1949-இல் முருகப்பா குடும்பத்தாரும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர். அதன்பின் ஹெர்குலிஸும், அடுத்தடுத்து பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.யும் அம்பத்தூரிலேயே தயாராயின. அசன்சோலின் சென்-ராலே, சோனிபத்தின் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ ஆகியவையும் இதே காலத்தில் சந்தைக்கு வந்தவை.

சென்னைத் தென்புறநகர் வண்டிகளுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது முதல், வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை மிதித்து வந்து, ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயிலேறுவது இங்கே அன்றாட வழக்கமாக இருந்தது. ஓட்டம் குறைவு, வெயிலிலும் மழையிலும் நிற்பது அதிகம். அதனால் இங்கே கிடைக்கும் வண்டிகளில் தேய்மானத்தைவிடத் துருவே பெரிய பிரச்சினையாக இருக்கிறது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் இருந்து வாங்கிய வண்டி என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வயதை அறிதல்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டி எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டுகளில் தயாரானது என்று முடிவு செய்ய வேண்டும். வாங்க வேண்டிய ஒவ்வொரு பாகத்தையும் அந்த முடிவுதான் தீர்மானிக்கும்.

ஃபிரேம் எண் வழக்கமாக சீட் கம்பி நுழையும் இடத்தின் பக்கவாட்டிலோ, பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியிலோ அடிக்கப்பட்டிருக்கும். பெயிண்டைச் சுரண்டாமல், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாலே பெரும்பாலும் படிக்க முடியும். முன்கழுத்தில் இருக்கும் கம்பெனி வில்லை ஊரைச் சொல்லிவிடும். மூன்று கியர் வண்டியில் பின் ஹப்பின் ஓட்டைப் பார்க்க வேண்டும். நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் தன் ஹப்களில் தயாரான ஆண்டின் கடைசி இரண்டு எண்களைப் பொறித்து வந்தது. அது ஹப்பின் வயது மட்டுமே. சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அதை ஒரே சாட்சியாகக் கொள்ளக் கூடாது.

பலரும் தூக்கிப் போட்டுவிடும் இன்னொரு சாட்சி வரி வில்லை. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு சிறிய உலோக வில்லை ஒன்றைக் கொடுத்த காலம் உண்டு. அது ஹேண்டில் பாரிலோ சீட்டுக்கு அடியிலோ கம்பியால் கட்டப்பட்டிருக்கும். வண்டி எந்த ஊரில், எந்த ஆண்டில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகள் 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டதால், அந்தப் பெயர்கள் பொறித்த வில்லை இனி புதிதாக வரப்போவதும் இல்லை. கழற்றினால் அதே கம்பியோடு எடுத்து வைத்து, அதே இடத்தில் திரும்பக் கட்ட வேண்டும்.

எது காலத்துக்குப் பொருந்தும்

புதுப்பிக்க இறங்குகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, சென்னையில் பிறந்த வண்டிக்கு இங்கிலாந்து வேஷம் கட்டுவது. அம்பத்தூர் ஹெர்குலிஸுக்குப் பெரும் விலை கொடுத்து புரூக்ஸ் சீட்டும் லூக்காஸ் விளக்கும் வரவழைத்துப் பூட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வண்டி கடையிலிருந்து அப்படி வெளியே வந்ததே இல்லை. டி.ஐ. சைக்கிள்ஸைச் சுற்றி ஒரு முழு உதிரிபாகத் தொழிலே இங்கே வளர்ந்தது. ஆவடியில் 1955-இல் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் இரும்புக் குழாய் தந்தது. டி.ஐ. மில்லர் டயனமோவும் விளக்கும், ரைட் சாடில்ஸ் சீட்டும், டி.ஐ. டயமண்ட் செயினும் அதே குழுமத்தின் தயாரிப்புகள். அம்பத்தூரிலேயே 1959-இல் தொடங்கிய தொழிற்சாலையில் டன்லப் டயர் செய்தது. 1960-களின் ஹெர்குலிஸுக்கு உரிய பாகங்கள் இவையே. புரூக்ஸும் லூக்காஸும் விடுதலைக்கு முன் கப்பலில் வந்த வண்டிக்கு உரியவை.

இரண்டாவது விதி, கடைக்காரர் மாற்றிய பாகமும் வண்டியின் வரலாற்றில் சேர்ந்தது என்பது. 1962-இல் வாங்கிய வண்டிக்கு 1970-இல் தெருமுனைக் கடையில் வேறு கம்பெனி பெடல் போட்டிருந்தால், அது நன்றாக ஓடும்வரை மாற்றத் தேவையில்லை. பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர், நுரை சீட் உறை, அலுமினிய ஸ்டாண்டு போன்று ஒரு தலைமுறை கழித்து ஏறியவற்றைத்தான் இறக்க வேண்டும்.

பாகங்களைத் தேட இந்த வட்டாரத்தில் முதல் இடம் பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தை. மணி, டயனமோ, செயின் கவர், மட்கார்டு தாங்கும் கம்பி போன்றவை பழைய சாமான்களோடு கலந்து கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. கையில் அளவுகோலும் வண்டியின் பழைய நட்டு ஒன்றும் இருக்க வேண்டும். தனித்தனியாகப் பாகம் பொறுக்குவதைவிட, அதே கம்பெனியின் ஃபிரேம் உடைந்த இன்னொரு வண்டியை முழுசாக வாங்கிப் பிரிப்பது பல நேரம் சிக்கனம். பழைய சைக்கிள் கடைகளின் மேல்தட்டில் எண்ணெய்த்தாளில் சுற்றியபடி விற்காமல் நின்றுபோன சரக்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்கப் பொறுமை வேண்டும்.

ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். ரோட்ஸ்டர் இந்தியாவில் இன்னும் தயாராகிறது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் 28 × 1½ டயர், ரிம், கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின், பிரேக் கம்பி எல்லாம் இங்கே சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத தேயும் பாகங்களுக்குப் புதிய சரக்கு, கண்ணுக்குத் தெரியும் பாகங்களுக்குப் பழைய சரக்கு என்று பிரித்துக்கொண்டால் செலவு பாதியாகும்.

கழற்றுதல்

சைக்கிள் கடைகளில் ‘ஓவராயில்’ என்று சொல்லப்படும் முழுப்பிரிப்புதான் முதல் வேலை. எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தின் நட்டையும் வாஷரையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதிப் போட வேண்டும். நட்டுகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று போட்டால் முனைகள் மழுங்கிவிடும்.

இரண்டு இடங்களில் மரை எதிர்ப்பக்கமாக ஓடும். இடது பெடல் ஒன்று. பெடல் அச்சுக் கூட்டின் வலப்பக்க கப் மற்றொன்று. இரண்டையும் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலங்கொண்டு இழுத்ததால் மரை போன ஃபிரேம்கள் ஏராளம். ராலே தன் வண்டிகளின் பெடல் அச்சுக் கூட்டுக்கு அங்குலத்துக்கு 26 இழை வைத்தது. பிற பிரிட்டிஷ் மரபு வண்டிகளில் 24 இழை. கப் வாங்கும்போது பழைய கப்பைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

காட்டர் பின் கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். நட்டை முழுதும் எடுக்காமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை தளர்த்த வேண்டும். கிராங்கின் அடியில், பின்னைச் சுற்றி வரும்படி ஒரு தடித்த இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக் கொடுத்து, கனமான சுத்தியால் நேராக ஒரே அடி. முட்டுக் கொடுக்காமல் தட்டினால் அடியின் வேகம் முழுவதும் உள்ளேயிருக்கும் பால்ரஸுக்குப் போய், கப்பில் குழி விழும். வளைந்த பின்னைத் திரும்பப் போடக் கூடாது. புதிதுக்கு டீ செலவுகூட ஆகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. 2023-இல் மிக்ஜாம் புயல் மீண்டும் அதைச் செய்தது. அந்தப் பகுதிகளில் வாங்கும் வண்டி வெளியே எவ்வளவு துடைத்து வைத்திருந்தாலும், சீட் கம்பியை உருவி, டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. சீட் குழாய் வழியாக இறங்கும் நீருக்கும் சேற்றுக்கும் கடைசி இருப்பிடம் பெடல் அச்சுக் கூடுதான். உலர்ந்த வண்டல் அங்கே கட்டியாக நிற்கும். பின் ஃபோர்க் குழாய்கள் அந்தக் கூட்டோடு சேரும் இடத்தையும், முன் ஃபோர்க்கின் மேல்முனையையும் சிறிய சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்ற ஒலி மாறி மந்தமாகக் கேட்கும் இடத்தில் உலோகம் மெலிந்திருக்கலாம். ஸ்குரூ டிரைவர் முனை அழுந்தினால் அந்த ஃபிரேமைச் சுவரில் மாட்டலாம், ஓட்டக் கூடாது. முன் ஃபோர்க் சந்தேகமாக இருந்தால் வேறு பேச்சே இல்லை, மாற்ற வேண்டும்.

தேறிய ஃபிரேமின் குழாய்களுக்குள் தண்ணீர் பாய்ச்சி வண்டலை வெளியேற்றி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடிய விட வேண்டும். அது உள்சுவரில் மெல்லிய தோலாக உறைந்து துருவைத் தடுக்கும்.

துரு, முலாம், பெயிண்ட்

பெயிண்ட் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்வதே சிறந்த வேலைப்பாடு. தொழிற்சாலையில் சூளையில் சுட்டு ஏற்றிய கறுப்பு எனாமலும், அதன்மேல் ஓடிய பொன்கோடும், கம்பெனி முத்திரையும் ஒருமுறை போனால் போனதுதான். பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் கழுவி, மெல்லிய பாலிஷ் போட்டு, மெழுகு தேய்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும். துருப்புள்ளிகளை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம்.

முழுதாகப் போய்விட்டது என்றால் மட்டுமே மறுபெயிண்ட். அப்போதும் இப்போது எங்கும் கிடைக்கும் பவுடர் கோட்டிங் வேண்டாம். அதன் படலம் தடிப்பானது. குழாய்கள் சேரும் இணைப்புகளின் கூர்மையான ஓரங்களை அது மூடி மொழுக்கென்று ஆக்கிவிடும், மரைக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். ப்ரைமரும் எனாமலும் மெல்லிய கோட்டுகளாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்ப்பதே பொருத்தம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலை நேரம் இதற்கு ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றின் ஈரத்தில் எனாமல் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். பொன்கோட்டுக்கு ஸ்டிக்கர் நாடாவைவிட, லாரிக்கு எழுத்தும் கோடும் போடும் ஓவியர் கை நூறு மடங்கு மேல்.

முலாம் பூசிய பாகங்களில் லேசான துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். ஆழமானதற்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் சில மணி நேரம் ஊற வைக்கலாம். அது நச்சு. கையுறை வேண்டும், குழந்தைகளுக்கு எட்டக் கூடாது, எடுத்தபின் சமையல் சோடா கலந்த நீரில் அலச வேண்டும். பித்தளை வில்லையைப் புளி போட்டுத் தேய்ப்பது கை பழகிய வழக்கம் என்றாலும், நிறம் தீட்டிய வில்லையில் அது நிறத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

முலாம் முழுதும் உரிந்திருந்தால் மறுமுலாம் பூசக் கொடுக்கலாம். குரோமியம் முலாம் 1920-களின் கடைசியில்தான் வணிகத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிக்கு சற்றே மஞ்சள் சாயல் கொண்ட நிக்கல்தான் சரி. பிந்தையவற்றுக்கும் நிக்கல் அடித்தளம் போடாமல் நேரடியாக குரோமியம் பூசினால் ஓரிரு மழைக்காலம் தாங்காது. இதைப் பட்டறையில் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சக்கரம்

பிரிட்டிஷ் மரபில் முன்சக்கரத்துக்கு 32 ஸ்போக், பின்சக்கரத்துக்கு 40. இந்திய ரோட்ஸ்டரும் அதையே பின்பற்றியது. இரண்டும் 36 என்றிருந்தால் சக்கரம் பிற்காலத்தது என்று சந்தேகிக்கலாம். கம்பி பிரேக் வண்டிக்கு வெஸ்ட்வுட் ரிம் கட்டாயம். பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தை அழுத்துவதால், அதற்கென வளைத்த தளம் அந்த ரிம்மில் உண்டு. 28 × 1½ டயருக்கு ரிம்மின் இருக்கை விட்டம் 635 மில்லிமீட்டர். பெயரளவில் அதே 28 அங்குலம் என்று விற்கும் நவீன டயர்களின் விட்டம் 622, அவை இதில் ஏறி உட்காராது.

ஹப்பைப் பிரித்தால் பால்ரஸ் குண்டுகளை எண்ணி வைக்க வேண்டும். வழக்கமாக முன்ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். பின்ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, ¼ அங்குலம். பெடல் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்று, அதுவும் ¼ அங்குலம். குண்டு மலிவு என்பதால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். குண்டுகள் உருளும் கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஸ்போக்கைக் கழற்றாமல் சக்கரத்தின் பெண்டு (கோணல்) எடுக்க முடிந்தால் நல்லது. நிப்பிள் துருவில் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். முறுக்கி உடைத்தால் நாற்பதும் புதிதாகக் கோக்க வேண்டிவரும்.

ஸ்டர்மி-ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப்களில் அதிகம் தென்படுவது 1936-இல் வந்த ஏ.டபிள்யூ. நடுக்கியர் நேரானது. மேல்கியர் அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம், கீழ்க்கியர் நான்கில் ஒரு பங்கு குறைவு. பல ஆண்டு நின்ற ஹப்பும் உள்ளே பெரும்பாலும் கெட்டிருக்காது. யாரோ விட்ட தேங்காய் எண்ணெய் பிசினாகி உறைந்திருக்கும், அவ்வளவுதான். ஓட்டிலுள்ள துளை வழியாக மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி வடித்து, பிறகு மெல்லிய மெஷின் ஆயில் ஒரு தேக்கரண்டி விட வேண்டும். உள்ளே கிரீஸ் திணித்தால் பற்களைப் பிடிக்கும் சிறு தாழ்கள் ஒட்டிக்கொள்ளும். கேபிளைச் சரிசெய்யும்போது நடுக்கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் ஜன்னலில் பார்க்க வேண்டும். உள்ளிருந்து வரும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அது தவறினால் நடுக்கியருக்கும் மேல்கியருக்கும் இடையே பெடல் வெறுமனே சுற்றி, நின்று மிதிப்பவரைப் பாரின்மேல் விழச் செய்யும்.

செயினின் தேய்மானம் அளவுகோலால் தெரியும். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12⅛-ஐத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான்.

சீட்

1912-இல் பல்லாவரத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை அருகிலேயே இருக்க, சீட்டுக்குத் தோல் தேடுவது எளிது என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, இழுத்தால் நீளும். செருப்பின் மேல்பகுதிக்கு அது ஏற்றது. இரு முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டி, ஆள் எடையைத் தாங்க வேண்டிய சீட்டில் அது சில மாதங்களில் தொட்டிலாகிவிடும். சீட்டுக்குத் தேவை, ஆவாரம்பட்டை அல்லது வேலம்பட்டை போன்ற தாவரப் பொருளில் பதனிட்ட, 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாட்டுத்தோல். தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் பழைய முறையும் அதுதான். ஊறவைத்து, அச்சில் போட்டு இழுத்து, நிழலில் காயவிட்டு, செப்பு ரிவிட்டால் அடிக்க வேண்டும்.

பழைய தோல் விரியாமல் காய்ந்து மட்டும் இருந்தால், தேன்மெழுகு கலந்த களிம்பை அடிப்பக்கத்தில் லேசாகத் தடவினால் போதும். வேப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் தாராளமாக ஊற்றியவர்களின் சீட் நடுவில் குழிந்து போனதே மிச்சம்.

பூட்டுதலும் பிரேக்கும்

பூட்டும் வரிசை கழற்றிய வரிசைக்கு நேர்மாறு. காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து நுழைய வேண்டும். ஒரே திசையில் போட்டால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காது. நட்டு பின்னை இடத்தில் நிறுத்துவதற்கு மட்டுமே. பின்னைச் சுத்தியால் அடித்து இறுக்கியபின் நட்டைப் பூட்டி, சில கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி அடித்து இறுக்க வேண்டும்.

பிரேக் கம்பிகளின் மூட்டுகளில் பெயிண்ட் இருக்கக் கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் இருக்க வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். நான்கு கட்டைகளும் ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்பதைச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஈர ரிம்மில் இந்த பிரேக் பாதிகூடப் பிடிக்காது. அது பழுதல்ல, அந்தக் கால அமைப்பின் இயல்பு. மழையில் ஓட்டுகிறவர் முன்கூட்டியே பிரேக்கை அழுத்திப் பழக வேண்டும். பாட்டில் டயனமோ 6 வோல்ட், 3 வாட். மின்சுற்று ஃபிரேம் வழியாகவே திரும்புவதால், மறுபெயிண்ட் அடித்த வண்டியில் விளக்கு எரியாவிட்டால் அதைத் தாங்கும் கிளிப்பின் அடியில் பெயிண்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடச் செய்ய வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு ஜி.எஸ்.டி. சாலை ஆகாது. கிழக்கு தாம்பரத்தின் ரயில்வே காலனித் தெருக்கள் போன்ற வாகனம் குறைந்த இடம் போதும். ஸ்பேனரும் சுத்தியும் பையில் இருக்க வேண்டும். ஓட்டி முடித்ததும் காட்டர் பின், அச்சு நட்டு, ஹேண்டில் பார் நட்டு, பிரேக் கம்பிகளின் இறுக்கம் ஆகியவற்றை மறுபடி பார்க்க வேண்டும். புதிய ஸ்போக் போட்ட சக்கரம் என்றால் ஒரு வாரம் ஓட்டியபின் இன்னொரு முறை பெண்டு எடுக்க வேண்டியிருக்கும்.